பௌர்ணமி கிரிவலத்தில் 25 தன்னார்வலர்கள்: போனிலேயே வாக்கி டாக்கி போதுமா?

#1 மலைசுற்றி

வணக்கம். திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் பௌர்ணமி இரவுகளில் குடிநீர், நீர்மோர், முதலுதவி கொடுக்கும் குழுவுக்காகக் கேட்கிறேன். மொத்தம் 25 பேர். 14 கி.மீ. பாதையில் எட்டு லிங்கங்கள் பக்கத்திலும் மும்மூன்று பேர், ஸ்டோரில் ஒருவர். மாலை ஐந்து மணிக்கு நின்றால் விடிய விடிய வேலை.

இப்போது இருப்பது வாட்ஸ்அப் குரூப். வாய்ஸ் நோட் வந்தால் போனை எடுத்து, திறந்து, அழுத்திக் கேட்க வேண்டும். கையில் மோர் டம்ளர் இருக்கிறவருக்கு அது ஆகாது. பட்டனை அழுத்திப் பேசினால் மற்றவர்கள் போனில் தானாக ஒலிக்க வேண்டும், அதுதான் தேவை.

எல்லாரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஷாவ்மி, விவோ, ரியல்மி, சாம்சங், நாலு ஐபோன். எந்தச் செயலி, கூட்டத்தில் வேலை செய்யுமா, அல்லது நிஜ வாக்கி டாக்கியே வாங்கிவிடலாமா?

#2 அலைவரிசை446

முதலில் ஒன்றை எல்லாரும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். வாக்கி டாக்கி செயலி என்பது ரேடியோ இல்லை. ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு நேராக எதுவும் போவதில்லை. குரல் டேட்டாவாக மாறி, டவருக்குப் போய், இன்டர்நெட்டில் எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், திரும்பி வந்து எதிரில் நிற்பவர் போனில் ஒலிக்கிறது. பத்தடி தள்ளி நின்றாலும் அதே சுற்றுதான்.

2017 செப்டம்பரில் இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, ஜெல்லோ என்ற வாக்கி டாக்கி செயலி இன்டர்நெட் இல்லாமலும் ஓடும் என்று நம்பி லட்சக்கணக்கில் இறக்கினார்கள். வைஃபையோ மொபைல் டேட்டாவோ இல்லாமல் ஓடாது என்று அந்த நிறுவனமே அறிவிக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலும் இந்தத் தவறான நம்பிக்கை அப்படியே இருக்கிறது.

'5000 கி.மீ. ரேஞ்ச்' என்று ஆன்லைனில் விற்கும் ஆன்டெனா வைத்த கருவிகளும் உள்ளே சிம் போட்ட போன்தான். டவர் திணறினால் அதுவும் திணறும்.

#3 ஓபஸ்16

செயலி என்றால் உங்கள் தேவைக்கு ஜெல்லோ. தனிநபர்களுக்கு இலவசம், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் உண்டு. நிறுவனங்களுக்கான ஜெல்லோ வொர்க் தனி, அது உங்களுக்கு வேண்டாம். வாக்சரும் நல்ல செயலிதான், ஆனால் அது மெசேஜ் பக்கம் சாய்ந்தது. ஆப்பிள் வாட்ச்சில் இருக்கும் வாக்கி டாக்கி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

செய்ய வேண்டிய முறை: ஒருவர் மட்டும் சேனல் உருவாக்கட்டும். பாஸ்வேர்ட் கேட்கிற சேனலாக வையுங்கள், இல்லாவிட்டால் பெயர் தெரிந்த யாரும் உள்ளே வந்து கேட்கலாம், பேசலாம். மற்ற 24 பேரும் க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணிச் சேரட்டும். யூசர்நேமை இஷ்டத்துக்கு வைக்கவிடாதீர்கள். பேசுகிறவர் பெயர் திரையில் தெரியும், அதில் 'யமலிங்கம்2' என்று இருந்தால் யார், எங்கே என்று கேட்கவே வேண்டாம்.

இரண்டு சேனல் போதும். ஒன்று எல்லாருக்கும். இன்னொன்று ஒவ்வொரு லிங்கத்திலும் ஒரு பொறுப்பாளர், அவர்களோடு ஸ்டோர், ஆக ஒன்பது பேருக்கு. 'பனிக்கட்டி எத்தனை பார்' என்கிற பேச்செல்லாம் இரண்டாவதில் போகட்டும்.

டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். இந்த வகைச் செயலிகள் ஓபஸ் மாதிரியான கோடெக்கில், அதாவது ஒலியைச் சுருக்கும் முறையில், குரலைச் சுருக்குகின்றன. 16 கேபிபிஎஸ்ஸில் ஓடினால் வினாடிக்கு 2000 பைட், நிமிடத்துக்கு 120 கேபி. குரல் துண்டு துண்டாக, பாக்கெட்டாகப் போகும், ஒவ்வொன்றிலும் ஒட்டும் முகவரிதான் தலைப்பு, அது தனிக் கணக்கு: 60 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், ஒவ்வொன்றிலும் 28 பைட் தலைப்பு என்றால் நிமிடத்துக்கு 28 கேபி. எல்லாம் சேர்த்து 150 கேபிக்குள். மணிக்கு 15 நிமிடம் பேச்சு நடந்தாலும் பத்து மணி நேரத்துக்கு 22 எம்பிதான் ஆகும். பேக் தீர்ந்து போகாது. தட்டுப்பாடு வேறு இடத்தில் வரும்.

#4 பின்னணி_செயலி

செயலியைப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆண்ட்ராய்டில் அங்கேதான் வேலை ஆரம்பம். திரை அணைந்து கொஞ்ச நேரத்தில் போன் செயலியைத் தூங்க வைத்துவிடும். பேசுகிறவருக்கு 'போய்ச் சேர்ந்தது' போலத் தெரியும், கேட்க வேண்டியவர் போன் ஊமையாக இருக்கும்.

ஷாவ்மி: செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் திறந்து ஆட்டோஸ்டார்ட் ஆன். அதே பக்கத்தில் பேட்டரி சேவரில் 'கட்டுப்பாடு இல்லை'. பிறகு ரீசன்ட் திரையில் செயலியை அழுத்திப் பிடித்துப் பூட்டுப் படத்தைத் தட்டுங்கள். மூன்றும் வேண்டும், ஒன்று விட்டாலும் கதை முடிந்தது.

விவோ: பேட்டரி பகுதியில் பின்னணி மின்பயன்பாடு என்று ஒன்று இருக்கும், அதில் இந்தச் செயலிக்குத் தடை வேண்டாம் என்று வையுங்கள். ஆட்டோஸ்டார்ட் அனுமதி தனி இடத்தில் இருக்கும்.

ரியல்மி, ஓப்போ: செயலியின் பேட்டரிப் பக்கத்திலேயே ஆட்டோ லாஞ்ச், பின்னணி இயக்கம் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

சாம்சங்: பேட்டரியில் 'ஒருபோதும் தூங்காத செயலிகள்' பட்டியலில் சேருங்கள்.

எல்லா போனிலும் டேட்டா சேவர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். ஆண்ட்ராய்டு 13லிருந்து நோட்டிஃபிகேஷன் அனுமதியைத் தனியாகக் கேட்கும், அதை மறுத்தவர் போனில் செயலி ஓடுவதைக் காட்டும் அறிவிப்பு மேலே வராது.

ஒரு நுணுக்கம். ஆண்ட்ராய்டின் ஆழ்ந்த உறக்கம் போன் அசையாமல் கிடந்தால்தான் முழுதாக வரும். சட்டைப்பையில் நடந்துகொண்டே இருக்கிற போன் ஓரளவு விழித்திருக்கும். ஸ்டோரில் மேசைமேல் வைத்த போன்தான் முதலில் தூங்கும். எல்லாரும் கூப்பிடப் போவதும் அந்தப் போனைத்தான். அதைச் சார்ஜரில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சோதனை: 25 போனையும் திரை அணைத்து அரை மணி நேரம் அப்படியே வையுங்கள். பிறகு ஒருவர் பேசட்டும். எந்தப் போன் ஒலிக்கவில்லையோ அதை மட்டும் திறந்து பாருங்கள்.

#5 மலைசுற்றி

மிக்க நன்றி. இன்னொரு கேள்வி. வயர் இயர்போனின் நடுப் பட்டனை அழுத்திப் பிடித்துப் பேசினால் எதிர்முனையில் சத்தமே வரவில்லை. பட்டன் போனில் வேலை செய்கிறது, பேசும் அறிகுறியும் திரையில் வருகிறது. இயர்போன் பழுதா?

#6 சால்டர்முனை

பழுது இல்லை, அது அப்படித்தான் இருக்கும். 3.5 எம்எம் இயர்போனில் மைக்குக்கும் பட்டனுக்கும் ஒரே கம்பி. நடுப் பட்டன் அந்தக் கம்பியைக் கிரவுண்டோடு சேர்க்கிறது. மின்தடை பூஜ்யம் ஆனால் நடுப் பட்டன், 240 ஓம் என்றால் வால்யூம் கூட்டு, 470 ஓம் என்றால் குறை, இப்படித்தான் போன் புரிந்துகொள்கிறது. நடுப் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மைக் கிரவுண்டில்தான் கிடக்கும். அழுத்திக்கொண்டே பேசினால் மௌனத்தைத்தான் அனுப்புகிறீர்கள்.

தீர்வு: செயலியின் பட்டன் அமைப்பில் போய் 'அழுத்திப் பிடி' என்பதை மாற்றி 'ஒரு தட்டுக்கு ஆன், மறு தட்டுக்கு ஆஃப்' வகையை வையுங்கள். டைப்-சி அடாப்டர் போட்டு 3.5 எம்எம் இயர்போன் செருகினாலும் இதே விதிதான்.

இந்த முறையில் ஒரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். மறு தட்டு தட்ட மறந்தால் சேனல் முழுக்க அவர் வாயில்தான் இருக்கும். கூட்டச் சத்தம், பக்கத்துக் கடைப் பாட்டு எல்லாம் 24 பேர் காதில் விழும், வேறு யாரும் பேச முடியாது. அழுத்தியதும் அடங்கியதும் இரண்டுக்கும் பீப் ஒலி வையுங்கள். சேனல் நிர்வாகி யாராவது விழித்திருந்து, தேவைப்பட்டால் அவரை முடக்க வேண்டும்.

#7 தென்றல்_டிஎம்

புளூடூத் இயர்போன் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பாட்டுக் கேட்கிற வழியும் மைக் வழியும் புளூடூத்தில் வேறு வேறு. மைக்கைத் திறந்ததும் இயர்போன் வழி மாற வேண்டும், அதற்கு அரை வினாடியிலிருந்து ஒரு வினாடிக்கு மேலும் பிடிக்கும். அதற்குள் பேசியது காற்றில் போய்விடும்.

உங்கள் இடப் பெயர்களிலேயே இது உதைக்கும். 'இந்திர லிங்கம்' என்று சொன்னது '...ர லிங்கம்' என்று போய்ச் சேர்ந்தால் இந்திரனா குபேரனா? அதனால்தான் ரேடியோக்காரர்கள் பெயரை இரண்டு முறை சொல்கிறார்கள்.

நல்ல வழி: பேசுவதற்குப் போன் மைக்கையே பயன்படுத்துங்கள், அழுத்துவதற்கு மட்டும் தனி புளூடூத் பட்டன். சிஆர்2032 காசு பேட்டரி போடும் சின்னப் பட்டன்கள் கிடைக்கின்றன, சட்டைக் காலரில் மாட்டலாம். அது குரலைக் கடத்துவதில்லை, 'அழுத்தினேன்' என்று மட்டும் சொல்கிறது, எனவே வழி மாறும் தாமதம் இல்லை. வாங்குவதற்கு முன் ஜெல்லோ ஆதரிக்கும் கருவிகளின் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்ஃபி ரிமோட் எல்லாம் இதற்குச் சரிவராது, அவற்றில் பல வால்யூம் பட்டனைத்தான் அனுப்பும். திரை அணைந்திருக்கும்போது பெரும்பாலான போன்களில் வால்யூம் பட்டன் செயலிக்கு எட்டாது.

#8 டவர்நிழல்

எல்லாரும் போனைச் சரிசெய்கிறீர்கள், நான் டவருக்கு வருகிறேன். பௌர்ணமி இரவின் உண்மையான பிரச்சினை அதுதான். கார்த்திகை தீபம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சிக்னல் கோடு நாலும் நிற்கும், டேட்டா நகராது. காரணம், அந்தக் கோடுகள் டவரின் ஒலிபரப்பு உங்கள் போனுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. உங்கள் போன் பேசுவது டவருக்குக் கேட்கிறதா, இடம் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரில் படம், வீடியோ ஏற்றும்போது மேல்நோக்கிய வழிதான் முதலில் அடைபடும். உங்கள் 16 கேபிபிஎஸ் குரலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் இது: 4ஜியில் சாதாரண போன் காலுக்கு, அதாவது வோல்ட்டிக்கு, தனி முன்னுரிமை வழி உண்டு. நெட்வொர்க் கணக்கில் அது முதல் எண் வகுப்பு, வேகம் உறுதி செய்யப்பட்டது. செயலி வழியாகப் போகும் குரல் மற்ற எல்லா இன்டர்நெட்டோடும் பெரும்பாலும் எட்டாம் அல்லது ஒன்பதாம் வகுப்பில் போகிறது. அதனால் ஜெல்லோ நின்ற இடத்திலும் சாதாரணக் கால் போக வாய்ப்பு அதிகம். எஸ்எம்எஸ் இன்னும் மெல்லிய வழியில் போகிறது. டவரைத் தொடவே முடியாத அளவு நெரிசல் என்றால் மூன்றுமே நிற்கும், அது வேறு.

செய்யக்கூடியது: ஒரு லிங்கத்தில் நிற்கும் மூன்று பேருக்கும் ஒரே கம்பெனி சிம் இருக்கக் கூடாது. ஒருவருக்கு ஜியோ, ஒருவருக்கு ஏர்டெல், ஒருவருக்கு விஐ அல்லது பிஎஸ்என்எல் என்று பிரித்து நிறுத்துங்கள். யாருடைய போன் நிற்கிறதோ, பக்கத்தில் நிற்பவர் பேசட்டும். செலவே இல்லாத ஏற்பாடு, இந்த இழையில் சொன்ன எல்லாவற்றிலும் இதற்குத்தான் பலன் அதிகம் என்பேன்.

5ஜியும் 4ஜியும் மாறி மாறித் தாவுகிற இடத்தில் போனை 4ஜியில் நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தாவலிலும் குரல் அறும், பேட்டரியும் போகும்.

#9 கேள்விக்குறி

அப்படியென்றால் எல்லாரையும் கான்ஃபரன்ஸ் காலில் போட்டுவிட்டால் போதாதா?

#10 டவர்நிழல்

போதாது. போனிலிருந்து போடும் கான்ஃபரன்ஸில் பொதுவாக உங்களோடு சேர்த்து ஆறு பேர்தான். அதுவும் எல்லா மைக்கும் திறந்தே இருக்கும், ஆறு இடத்துக் கூட்டச் சத்தமும் ஒன்றாகக் கொட்டும். வாக்கி டாக்கி முறையின் அருமையே ஒரு நேரத்தில் ஒரு வாய்தான் என்பது. காலை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்: செயலியில் இரண்டு முறை பேசியும் பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை நேராக நம்பருக்கு அடியுங்கள்.

ஆம்புலன்ஸ் தேவையென்றால் முதலில் 108, பிறகுதான் சேனல். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

#11 அலைவரிசை446

நிஜ ரேடியோ கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் வாக்கி டாக்கிக்கு உரிமம் வேண்டாம், 2018ஆம் ஆண்டு விதிகள் அப்படிச் சொல்கின்றன. உரிமம் வேண்டாம் என்றாலும் கருவிக்கு வகை ஒப்புதல் சான்று இருக்க வேண்டும். சான்றோ அலைவரிசை விவரமோ இல்லாமல் வாக்கி டாக்கி விற்ற இணையக் கடைகள் மீது 2025ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அலைவரிசை எழுதாத பெட்டியை வாங்காதீர்கள். எந்த அலைவரிசைக்கும் மாற்றிக்கொள்ளும் கருவியை உரிமம் இல்லாமல் தொடுவது குற்றம், போலீஸ் அலைவரிசையில் குறுக்கே போனால் பாதுகாப்புப் பணிக்கே இடைஞ்சல்.

ஆனால் உங்கள் இடத்தில் தடை சட்டம் இல்லை, மலை. இந்த அலைகள் நேர்க்கோட்டில் பார்த்தால்தான் போகும். கிழக்கே இந்திர லிங்கம், மேற்கே வருண லிங்கம், இடையில் 2668 அடி அருணாசலம் முழுசாக நிற்கிறது. கையடக்க ரேடியோ அதைத் தாண்டாது. ரிப்பீட்டர், அதாவது உயரத்தில் இருந்து வாங்கி மறுபடி அனுப்பும் கருவி, வைப்பதென்றால் உரிமம் வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து லிங்கங்களுக்கு நடுவில் மட்டும் யோசிக்கலாம். 14 கி.மீ.யை எட்டால் வகுத்தால் சராசரி 1.75 கி.மீ. மரம், கட்டடம், பாதை வளைவு, அத்தோடு மனித உடல்கள் எல்லாம் இந்த அலையை விழுங்கும். இடுப்பில் மாட்டிப் பேசினால் போகாத இடத்துக்குத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தால் போகலாம். அளந்து பார்க்காமல் 16 செட் வாங்கிவிடாதீர்கள். இரண்டு செட் இரவல் வாங்கி, ஒவ்வொரு ஜோடி இடமாகச் சோதியுங்கள். எந்த ஜோடி பேசுகிறதோ அங்கே மட்டும் வையுங்கள்.

#12 சர்வர்_அறை

இன்டர்நெட் இல்லாமல் செயலியில் பேச ஒரு வழி உண்டு, சின்ன இடத்துக்கு மட்டும். ஸ்டோர், சமையல் கூடம், முதலுதவிப் பந்தல் மூன்றும் ஒரே வளாகம் என்றால் பொருந்தும்.

தேவை: ஒரு வைஃபை ரவுட்டர், ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கணினி) அல்லது பழைய லேப்டாப். அதில் மம்பிள் என்ற குழுப் பேச்சு மென்பொருளின் சர்வரை நிறுவி, ரவுட்டரோடு வயரில் இணைத்து, நிலையான ஐபி, அதாவது மாறாத நெட்வொர்க் முகவரி, கொடுங்கள், உதாரணமாக 192.168.1.10. போர்ட் 64738, டிசிபி, யுடிபி இரண்டும். ஆண்ட்ராய்டில் மம்பிளோடு பேசும் மம்லா செயலியைப் போட்டு அந்த ஐபியைக் கொடுத்தால் சான்றிதழ் எச்சரிக்கை வரும், ஏற்றுக்கொள்ளுங்கள். பேசும் முறையைப் புஷ் டு டாக் (அழுத்திப் பேசுவது) என்று மாற்றுங்கள். செயலியைப் பௌர்ணமிக்கு முன்பே நெட் இருக்கும்போது இறக்கி வையுங்கள்.

இதில் கோளாறு வரும் இடம்: 'இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை' என்று போன் கண்டுபிடித்து, சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். உடனே சர்வர் கைவிட்டுப் போகும். 'இருந்தாலும் இணைந்திரு' என்பதைத் தேர்ந்தெடுங்கள், தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதியை அணையுங்கள்.

சர்வர் இல்லாமல் போனுக்குப் போன் பேசும் லோக்கல் வைஃபை செயலிகளும் உண்டு. அவை சில ரவுட்டர்களில் ஒன்றையொன்று கண்டுபிடிக்காது. ரவுட்டரில் போன்களை ஒன்றோடொன்று பேசவிடாத கிளையன்ட் ஐசொலேஷன் ஆன் ஆகியிருக்கும், அணைத்தால் சரியாகிவிடும். தூரம் திறந்தவெளியில் நூறு மீட்டருக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் நின்றால் அதுவும் குறையும்.

#13 கேள்விக்குறி

புளூடூத் மெஷ் என்று ஒன்று சொல்கிறார்களே, நெட்டே வேண்டாம், கூட்டம் அதிகமாக அதிகமாக நன்றாக ஓடும் என்று?

#14 சர்வர்_அறை

அவை எழுத்துக்கு. புளூடூத்தில் போன் மாற்றிப் போன் தாவிப் போகும்போது நேரடிக் குரல் தாங்காது. கூட்டத்தில் இருக்கும் மற்ற போன்களிலும் அதே செயலி இருந்தால்தான் தாவும், பக்தர்கள் போனில் அது இருக்காது. தவிர, இந்த வகையில் நல்ல பெயர் வாங்கிய பிரையர் செயலியை 2023 மே மாதம் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பட்டியலில் எலிமென்ட், த்ரீமாவும் உண்டு. எனவே அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எழுத்து போதும் என்றால் மெஷ்டாஸ்டிக் யோசிக்கலாம். லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் ரேடியோ கொண்ட சின்னப் பலகை, போனோடு புளூடூத்தில் சேரும், மற்ற பலகைகளோடு தானே வலை (மெஷ்) பின்னிக்கொள்ளும். மண்டலத்தை இந்தியா என்று வைத்தால் 865-867 மெகாஹெர்ட்ஸில் ஓடும். ஒவ்வொரு பலகையும் அடுத்ததற்குக் கடத்துவதால், பாதையோரமாக வளைந்து மலையைச் சுற்றிப் போக வாய்ப்பு உண்டு. குரல் கிடையாது.

தமிழில் அனுப்புகிறவர்கள் கவனிக்க: ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட் அளவு. ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கி' என்பது க, இகரக் குறி என இரண்டு, ஆக ஆறு பைட். முப்பத்தைந்து நாற்பது தமிழ் எழுத்தில் செய்தி முடிந்துவிடும். 'யம தண்ணி 5 கேன்' என்கிற அளவில் சுருக்கமாக எழுதப் பழகுங்கள்.

#15 தென்றல்_டிஎம்

எப்படிப் பேசுவது என்பதை யாரும் எழுதவில்லை. கருவியைவிட இதில்தான் குழப்பம் வரும்.

அழுத்துங்கள். பீப் கேட்கும் வரை வாயைத் திறக்காதீர்கள். சும்மா இருந்த போன் டவரோடு மறுபடி இணையக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால் நீண்ட அமைதிக்குப் பிறகு வரும் முதல் அழைப்பு எப்போதும் தாமதம். பேசி முடித்ததும் அரை வினாடி பொறுத்துப் பட்டனை விடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வார்த்தை நறுக்கப்படும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் அந்த நறுக்கு ஆபத்தானது. 'அனுப்ப வேண்டும்', 'அனுப்ப வேண்டாம்' இரண்டுக்கும் வித்தியாசமே கடைசி அசையில்தான் இருக்கிறது. அதனால் 'வேண்டாம்' என்பதைச் சேனலில் தடை செய்யுங்கள். 'நிறுத்து' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "நிறுத்து. தண்ணீர் வண்டியை நிறுத்து."

எண்களும் அப்படியே. இருபது, அறுபது, எழுபது மூன்றும் சத்தத்தில் ஒன்றுபோலவே கேட்கும். 'ஆறு, சைபர்' என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு மாதிரி ('ஓவர்' என்றால் என் முறை முடிந்தது, பதில் சொல்லுங்கள், 'அவுட்' என்றால் பேச்சே முடிந்தது):

"குபேர லிங்கம், குபேர லிங்கம், யம லிங்கம் பேசறேன். ஓவர்."
"யம லிங்கம், சொல்லுங்க. ஓவர்."
"மணி ஒன்பது நாற்பது. குடிதண்ணீர் கேன் இரண்டு, சைபர் வேண்டும். ஓவர்."
"ஒன்பது நாற்பது, கேன் இரண்டு சைபர். அனுப்பறோம். அவுட்."

போனை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள், மைக் ஓட்டை கீழ் விளிம்பில் இருக்கிறது, உள்ளங்கையால் மூடாதீர்கள். ஒலிபெருக்கி பக்கத்தில் கத்திப் பேசினால் குரல் கிழியும். ஒலிபெருக்கிக்கு முதுகைத் திருப்பி, சாதாரணக் குரலில் பேசுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் மூன்று பேர் ஸ்பீக்கரையும் திறந்து வைத்தால் ஒருவர் பேசும்போது பக்கத்துப் போன் கத்தி, அது மறுபடி மைக்கில் ஏறும். ஒரு போன் ஸ்பீக்கரில், மற்ற இரண்டும் ஒற்றைக் காது இயர்போனில் இருக்கட்டும்.

குழந்தை காணவில்லை என்றால் வயது, உடை நிறம், கடைசியாகப் பார்த்த இடம் மட்டும் சேனலில். பெற்றோர் போன் நம்பர், வீட்டு விலாசம் எதையும் சொல்லாதீர்கள். தகவலை உடனே பக்கத்தில் இருக்கும் போலீஸ் உதவி மையத்துக்கும் நேரில் கொடுங்கள்.

#16 பின்னணி_செயலி

ஐபோன் நாலு பேருக்கு: ஐஓஎஸ் 16லிருந்து ஆப்பிள் இதற்கென்றே தனி ஏற்பாடு கொடுத்திருக்கிறது, பூட்டிய திரையிலும் பேசலாம். முதல் முறை மைக், நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும்போது மறுக்காமல் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சேனல்தான் அந்த ஏற்பாட்டில் உயிரோடு இருக்கும், வேறு வாக்கி டாக்கி செயலி போட்டிருந்தால் நீக்கிவிடுங்கள்.

பேட்டரி: 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் என்பது உள்ளே 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டில் வெளியே வருவது ஆறாயிரத்துச் சொச்சம்தான், 5000 எம்ஏஎச் போனை ஒரு முறை முழுசாக ஏற்றலாம். லிங்கத்துக்கு இரண்டு பவர்பேங்க் போதும். திரையை அணைத்தே வையுங்கள்.

#17 மலைசுற்றி

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இப்படிச் செய்யப் போகிறோம்: ஜெல்லோவில் இரண்டு சேனல், இடப் பெயரில் கணக்கு, ஒவ்வொரு இடத்திலும் மூன்று கம்பெனி சிம். இயர்போன் எல்லாம் தட்டும் முறையில். ஸ்டோர் போன் சார்ஜரிலேயே. பதில் இல்லையென்றால் மூன்றாவது முறை நேரடிக் கால். ரேடியோ இரண்டு செட் இரவல் வாங்கிச் சோதிக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பாதை முழுக்க ஒரு ஒத்திகை.

#18 டவர்நிழல்

ஞாயிறு காலை ஒத்திகை போன் அமைப்பைச் சோதிக்கும், டவரைச் சோதிக்காது. காலியான பாதையில் எல்லாமே நன்றாக ஓடும். டவருக்கான ஒத்திகையைப் பௌர்ணமி அன்றே, இரவு எட்டு மணிக்கு மேல் வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை ஸ்டோரிலிருந்து மணியைச் சொல்லிப் பேசுங்கள், ஒவ்வொரு இடத்திலும் கேட்ட நேரத்தை ஒரு தாளில் குறிக்கட்டும். இரண்டு நேரத்துக்கும் வித்தியாசம் எங்கே அதிகமோ அங்கே எந்த சிம் என்று பாருங்கள், அடுத்த மாதம் அந்த இடத்துக்கு ஆள் மாற்றுங்கள்.

மணி சொல்லிப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டேட்டா அடைபட்டுத் திறக்கும்போது, தேங்கிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். எட்டு நிமிடத்துக்கு முன் சொன்ன 'உடனே அக்னி லிங்கத்துக்கு ஸ்ட்ரெச்சர் அனுப்புங்க' இப்போது சொன்னது போலவே கேட்கும். ஸ்ட்ரெச்சர் ஏற்கெனவே போய்த் திரும்பியிருக்கும், மறுபடி ஓடுவார்கள். தென்றல் அக்கா எழுதிய மாதிரியில் 'மணி ஒன்பது நாற்பது' என்று ஆரம்பித்ததைக் கவனியுங்கள். அதை ஒருவர் விடாமல் பழக்குங்கள்.

#19 மலைசுற்றி

சரிங்க. தாள் எட்டு அச்சடித்து இடத்துக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுகிறோம். பௌர்ணமி முடிந்ததும் எந்த இடத்தில் எந்த சிம் எவ்வளவு தாமதம் என்பதை இங்கேயே போடுகிறேன்.